லெட்யூஸ் நாற்று நூலாக நீண்டு சாய்வது ஏன்?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் நிழல்வலைக் குடிலில் என்.எஃப்.டி. குழாய் (மண்ணில்லாமல், சத்துநீர் மெல்லிசாக ஓடும் குழாய்) அமைத்து லெட்யூஸ் என்ற சாலட் கீரை போட ஆரம்பித்திருக்கிறேன். 98 குழித் தட்டில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பி, தக்காளிக்கும் மிளகாய்க்கும் செய்வது போலவே விதைத்து, தட்டுகளை அடுக்கி பாலிதீன் தாளால் மூடி, நாலாம் நாள் பிரித்தேன். பாதிகூட முளைக்கவில்லை. முளைத்தவை வெள்ளை நூலாக நீண்டு சாய்ந்துவிட்டன. தப்பிப் பிழைத்த நாற்றுகளில் இலை ஓரம் கருகுகிறது. பங்குனியில் விதைத்தேன். விதையில்தான் கோளாறா?

பதில்: விதைமீது பழி போடும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அதே பாக்கெட்டில் இருந்து 20 விதையை எடுத்து, ஈரமான டிஷ்யூ தாளில் பரப்பி, மூடிய டப்பாவில் போட்டு, வீட்டுக்குள் குளிர்ச்சியான, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் பெரும்பாலானவை முளை காட்டினால் விதை நல்ல விதை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முளைக்கும் என்றே நினைக்கிறேன்.

தக்காளிக்குச் சரிப்படும் முறை இதற்குச் சரிப்படாது. தக்காளி, மிளகாய் விதைகள் வெப்பத்தை விரும்பும். அடுக்கி மூடினால் சீராக முளைக்கும். லெட்யூஸ் குளிர்ச்சி கேட்கும் பயிர். 18 முதல் 21 டிகிரி செல்சியஸ்தான் அதற்குத் தோது. 28, 30 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்களின் விதை உயிரோடு இருந்தும் உறங்கிவிடும். பங்குனி வெயிலில் பாலிதீனுக்குள் என்ன சூடு இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது போக, பல ரகங்களின் விதைக்கு முளைக்க வெளிச்சமும் வேண்டும். இருட்டில் முளைத்தது வெளிச்சத்தைத் தேடி நீளும். அதுதான் நீங்கள் பார்த்த வெள்ளை நூல். அப்படி நீண்ட நாற்றைத் தேற்ற முடியாது, கொட்டிவிடுங்கள்.

விதை நீர் உறிஞ்சும் முதல் சில மணி நேரத்துச் சூடுதான் அதிகம் கெடுக்கும். எனவே பொழுது சாய்ந்த பிறகு விதையுங்கள். விதையைக் கால் அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போடாமல், மேலே கொஞ்சம் வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் லேசான கனிமத் துகள்) தூவினால் போதும். முதல் இரண்டு நாள் தட்டுகளை அடுக்காமல், வீட்டுக்குள் குளிர்ந்த தரையில் பரப்பி வையுங்கள். முளை தலைகாட்டிய அன்றே குடிலின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் தண்டு நீண்டுவிடும்.

அடுத்தது இலை ஓரக் கருகல். எனக்குச் சந்தேகம் கோகோபீட் மேல்தான். உப்புத் தண்ணீரில் ஊறிய தேங்காய் மட்டையில் இருந்து வந்த நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். கோகோபீட் கட்டியை ஊறவைத்து ஒரு கைப்பிடி பிழிந்து, அந்தத் தண்ணீரில் ஈசி மீட்டரை (கரைந்த உப்பின் அளவை மின்கடத்தலாகக் காட்டும் கருவி) வையுங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரின் ஈசியைவிட ரொம்ப ஏறியிருந்தால் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். 5 கிலோ கட்டி சுமார் 25 லிட்டர் தண்ணீர் குடித்து 70 லிட்டர் அளவுக்கு ஊதிப் பெருகும். அதைச் சாக்கில் கட்டி, வடியும் தண்ணீரின் ஈசி ஊற்றும் தண்ணீருக்குப் பக்கத்தில் வரும் வரை அலசுங்கள்.

வெறும் தண்ணீர் தளர்வாக இருக்கும் உப்பைத்தான் கழுவும். நார்த்தூள் பிடித்து வைத்திருக்கும் சோடியம் வெளியேற, அந்த இடத்தில் கால்சியம் போய் உட்கார வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் நீரில் கரையும் கால்சியம் நைட்ரேட் கலந்து, ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி அலசுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் பயிருக்குக் கொடுக்கும் கால்சியத்தை நார்த்தூளே பிடித்துக்கொள்ளும். கழுவிப் பதப்படுத்தியது என்று விற்பதை வாங்கினாலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தட்டில் நிரப்பும்போது பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசியும் ஈரம் போதும். சொதசொதவென்று இருந்தால் நாற்றழுகல் வந்துவிடும். விதையிலை விரியும் வரை நல்ல தண்ணீர் மட்டும். முதல் நிஜ இலை வந்ததும் ஈசி 0.6 முதல் 0.8 வரை (mS/cm), பிஎச் (அமில-கார அளவு) 6-ஐ ஒட்டி இருக்கும்படி மெல்லிய சத்துக் கரைசல் கொடுங்கள். உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரே அந்த ஈசியைத் தொட்டால் சத்துக்கு இடம் இருக்காது, மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கலந்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். என்.எஃப்.டி. குழாய்க்கு உதிரி கோகோபீட் தோதான ஊடகம் இல்லை. தூள் கரைந்து வந்து பம்பையும் நுனிக் குழாயையும் அடைக்கும். நாற்றுக்கான ஸ்பாஞ்ச் அல்லது வலைத்துணி சுற்றிய கோகோ வில்லையில் விதைத்து அப்படியே குழாயின் துளையில் உட்காரும் வலைத்தொட்டியில் இறக்குங்கள். கோகோபீட்டை, பைகளில் சொட்டுநீர் விட்டு வளர்க்கும் பயிருக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்த விதைப்பில் முதலில் ஒரு தட்டு மட்டும் போட்டுப் பாருங்கள். சுமார் மூன்று வாரத்தில் நாலு இலை வந்து, வேர் அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் குழாய்க்கு மாற்றலாம். மிச்ச விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.