கிளிநொச்சிக்குப் பூநகரி பக்கத்தில்தானே இருக்கிறது?
பொறியியல் பட்டத்தோடு எரிசக்திக் கொள்கை ஆய்வுக்குள் நுழைய வெளிநாட்டு முதுகலைதான் ஒரே வழியா என்று கிளிநொச்சியிலிருந்து கேட்டிருந்தீர்கள். இல்லை. மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் விலகியபோது, கொழும்புப் பேச்செல்லாம் பெரும்பாலும் மின் விலைதான். மீன்பிடி, வெள்ளம் வடியும் வழி பற்றி மன்னார் மக்கள் எழுப்பிய கேள்விகள் அதற்குள் அமுங்கிப்போயின. உங்கள் ஆய்வு அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காற்றாலைத் திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை முதலில் வாசியுங்கள். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே கேட்கலாம். மீனவர் சங்கக் கூட்டங்களில் போய் அமருங்கள். வினாக்கொத்தை உடனே நீட்டாதீர்கள், போருக்குப் பின் படிவம் நிரப்பியே களைத்த சனம். பொறியியலை மறைக்கவும் வேண்டாம். மின்சாரத்தை என்ன விலைக்கு வாங்குவது என்ற மின்கொள்முதல் ஒப்பந்தக் கணக்கு புரிந்த சமூக ஆய்வாளரைக் காண்பது அரிது.