சொட்டு விட்டால் தெளிகிறது, நிறுத்தினால் சிவக்கிறது

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. ஏழு மாதம் முன்பு புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தோம். நான்காவது மாதத்திலிருந்து கண் சிவந்து பார்வை மங்குகிறது. ஸ்டீராய்டு சொட்டு விட்டால் சரியாகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. கண்ணுக்குள் கிருமி இருக்கலாம், அங்கிருந்து நீர் எடுத்துப் பார்க்க இரண்டு வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். மூன்று மாதமாகக் கிருமி இருந்தால் இந்நேரம் கண்ணே போயிருக்காதா?

- வாசகி, தென்காசி

பதில்: எல்லாக் கிருமியும் அப்படி அவசரப்படாது அம்மா. ஆபரேஷனுக்குப் பின் வரும் தொற்று பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே கடும் வலியோடு வந்துவிடும். உங்கள் டாக்டர் சந்தேகப்படுவது அநேகமாக க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ். முகப்பருவோடு சேர்த்துப் பேசப்படும் அதே பாக்டீரியாதான், நம் எல்லோர் தோலிலும் இருக்கிறது. ஆபரேஷனின்போது உள்ளே போய்விட்டால், புது லென்ஸ் உட்கார்ந்திருக்கும் அந்த மெல்லிய பைக்குள் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் மெதுவாக வளரும். ஸ்டீராய்டு வீக்கத்தைத்தான் அடக்கும், கிருமியைக் கொல்லாது. கண்பாப்பாவை விரித்துப் பார்த்தால் லென்ஸுக்குப் பின்னால், பையின் ஓரத்தில், சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு தெரியலாம்.

ஆனால் கிருமி இல்லாத வெறும் அழற்சியும் இதே மாதிரி போக்குக் காட்டும், அதனால்தான் நீர் எடுக்கிறார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்துவிட்டு எடுப்பது 0.1 அல்லது 0.2 மில்லி, அதாவது இரண்டு முதல் நான்கு சொட்டு. ஆக்ஸிஜன் இல்லாத சூழலில் வைத்து வளர்த்தால்தான் இந்தக் கிருமி நன்றாக வளரும், அதுவும் நிதானமாக. நாலைந்து நாளில் 'ஒன்றும் வளரவில்லை' என்று கல்ச்சர் தட்டை எடுத்துப் போட்டுவிட்டால் நோயே தப்பிவிடும். 14 நாள் வைக்கச் சொல்லி லேபுக்கு டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று அவசியம் கேளுங்கள். வளர்ந்தாலும் தோலிலிருந்து ஒட்டியதாக இருக்கும் என்று தள்ளிவிடும் ஆபத்து உண்டு, ஆகவே டாக்டரும் லேபும் பேசிக்கொள்வது முக்கியம். பி.சி.ஆர். வசதி இருந்தால் அதே நீரில் கிருமியின் மரபணுவைத் தேடி முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சிகிச்சைக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றில்லை, சந்தேகம் வலுவாக இருந்தால் நீர் எடுக்கும்போதே வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசியைக் கண்ணுக்குள் போடுவார்கள். அதிலும் அடங்காவிட்டால் அந்தப் பையை, சிலருக்கு லென்ஸையும், எடுக்க வேண்டிவரும். கேட்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் பலருக்கு நல்ல பார்வை திரும்புகிறது.

பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் சொட்டு வாங்கி விட்டுக்கொண்டிருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள், எதை எத்தனை நாள் விடுவது என்று இந்த டாக்டர் சொல்லட்டும். நடுவில் திடீரென்று வலியோ, பார்வை ஒரே நாளில் இறங்குவதோ இருந்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.