டெஸ்ட் உடையாமல் ஏஐ ஏஜென்ட்டை வைத்து பழைய புரோகிராம் கோடை ரீஃபாக்டர் செய்வது எப்படி?

ரீஃபாக்டர் என்றால் கோடின் நடத்தையை மாற்றாமல் அதன் உள் அமைப்பை மட்டும் சீராக்குவது. டெஸ்ட் உடைந்தால் உடனே தெரிந்துவிடும். டெஸ்ட் பாஸ் ஆகிக்கொண்டே கோடின் நடத்தை மாறுவதுதான் நிஜமான ஆபத்து.

பைத்தான் 3-இல் ரவுண்ட் ஃபங்ஷனுக்கு 2.5 கொடுத்தால் 2 வரும், 3.5 கொடுத்தால் 4 வரும். சரிபாதியில் நின்றால் இரட்டை எண் பக்கம் போகும். பில் கணக்கிடும் இடத்தில் ஏஜென்ட் இதை எடுத்துவிட்டு, 0.5 கூட்டி, தசமப் பகுதியை வெட்டி முழு எண்ணாக்கினால் 2.5 இனி 3 ஆகிவிடும். உங்கள் டெஸ்ட்டில் 2.4, 2.6 மட்டும் இருந்தால் எல்லாம் பச்சையாகவே தெரியும்.

அதனால் ஏஜென்ட்டைத் தொடவிடும் முன், கோடு இன்று தரும் விடையை அப்படியே பதிவு செய்யும் டெஸ்ட்டுகளை எழுதி கிட்டில் கமிட் செய்யுங்கள் (தனி மாற்றமாகச் சேமியுங்கள்). பூஜ்ஜியம், நெகட்டிவ், காலி லிஸ்ட் எதையும் விடாதீர்கள். விடை தப்பாகத் தெரிந்தாலும் இப்போது திருத்த வேண்டாம். அது வேறு வேலை, வேறு கமிட்.

டெஸ்ட் ஃபோல்டரில் கைவைக்க ஏஜென்ட்டுக்கு அனுமதியே கூடாது என்பேன். டெஸ்ட் ஃபெயில் ஆனால் எதிர்பார்க்கும் விடையையே அது மாற்றிவிடலாம், அந்த டெஸ்ட் ஓடாமல் இருக்க ஸ்கிப்பும் போடலாம். ப்ராம்ப்ட்டில் சொன்னால் மட்டும் போதாது; கிட் டிஃப்பில் (என்னென்ன மாறியது என்ற பட்டியலில்) அந்த ஃபோல்டர் தென்பட்டால் சிஐ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) நிறுத்தட்டும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், டெஸ்ட், கமிட். வெறும் பெயர் மாற்றத்துக்கு ஐடிஇ-யின் (கோடு எழுதும் மென்பொருளின்) ரீநேம் வசதியே போதும்.