சாவி எதைத் திறக்கும்? கௌரவச் சங்க அழைப்பு வந்தால் பெற்றோர் கவனிக்க

அமெரிக்காவில் படிக்கும் மகளுக்குக் படிப்பில் சிறந்தவர்களைச் சேர்க்கும் கௌரவச் சங்கம் என்று கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட ஓர் அமைப்பிலிருந்து அழைப்பு, கட்டணமும் கேட்கிறார்கள். ஏமாற்று வேலையோ என்ற உங்கள் சந்தேகம் நியாயமானதே. கேளிக்கைக்குப் பேர்போன மாணவர் சங்கங்களும் இதே எழுத்துகளைத்தான் வைத்துக்கொள்கின்றன. முதலில் பெயரைச் சரியாகப் பாருங்கள்.

ஃபை பீட்டா காப்பா கலை, அறிவியல் மாணவர்களுக்கான கௌரவச் சங்கம். 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. 'கல்வி மீதான காதலே வாழ்வின் வழிகாட்டி' என்ற கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகளே பெயர். சின்னம் பொன்னிறச் சாவி. நேர்காணலில் "அறிவின் கதவைத் திறக்கும் சாவி" என்று அளந்துவிட வேண்டாம். அது பூட்டுச் சாவியே அல்ல. முதலில் சதுர வெள்ளிப் பதக்கமாக இருந்தது. பாக்கெட் கடிகாரத்தை முடுக்கப் பிற்பாடு தண்டு சேர்த்தார்கள். மேல் மூலையின் மூன்று நட்சத்திரங்கள் நட்பு, ஒழுக்கம், கல்வி. எதிர் மூலையில் சுட்டும் விரல், இளம் மாணவரின் வேட்கை. பின்புறமுள்ள இரண்டு எழுத்துகள் 'தத்துவச் சங்கம்' என்பதன் இலத்தீன் சுருக்கம்.

மகள் பொறியியல் என்றால் வந்திருப்பது டௌ பீட்டா பை ஆக இருக்கலாம். 1885இல் லீஹை பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இதன் சின்னமும் கடிகாரச் சாவிதான், ஆனால் 'பென்ட்' வடிவில்: பாலத்தின் பாரத்தைத் தாங்கி நிற்கும் சட்டகம். பொறியாளருக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது. மூன்றாம் ஆண்டில் வகுப்பின் முதல் எட்டில் ஒரு பங்கு, இறுதியாண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களே தகுதி பெறுவர். அதற்குமேல் நன்னடத்தையும் பார்ப்பார்கள்.

பணம் கட்டும் முன் மகளே டீன் அலுவலகத்தில் கேட்கட்டும்: இந்தக் கல்லூரியில் சங்கத்தின் கிளை உண்டா, பொறுப்பாசிரியர் யார்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மேற்சொன்ன இரண்டிலும் சேர்க்கைக் கட்டணம் ஒருமுறைதான். ஆண்டுதோறும் கட்டாயச் சந்தா கேட்டால் அது வேறு ஏதோ. ஃபை பீட்டா காப்பாவில் யாரும் விண்ணப்பிக்க முடியாது, கிளைதான் தேர்ந்தெடுக்கும். சாவி தனி விற்பனை, வாங்காவிட்டாலும் உறுப்பினர்தான்.

பயோடேட்டாவில் வெறும் மூன்று எழுத்தைப் போட்டால் இந்திய நிறுவனங்களில் யாருக்கும் புரியாது. 'கௌரவங்கள்' தலைப்பின்கீழ் சங்கம், கிளை, ஆண்டு, தேர்வு அளவுகோல் நான்கையும் ஒரே வரியில் எழுதட்டும். அழைப்பு வந்தும் சங்கத்தில் சேரவில்லையென்றால் 'உறுப்பினர்' என்று எழுதக் கூடாது. பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டுவது இங்கேதான்.