கடலோரத்தில் தூரிகை பிடிப்பவர்களுக்கு: ஓவிய டீச்சர் பதில்கள்

பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பொழுதுபோக்காகப் படம் வரைகிறவர்களோடுதான் என் நாட்கள் போகின்றன. வரைவதால் மனசுக்கு என்ன கிடைக்கும் என்பது பற்றி இந்த முறை கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மண்டபம், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்: டீச்சர், எனக்கு 63 வயது. சின்ன வயதில் வரைய ஆசை, வாய்ப்பில்லை. இப்போது கை லேசாக நடுங்குகிறது. இனிமேல் ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது?

ஆரம்பியுங்கள் சார். ஹென்றி மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் சட்டம் படித்து, வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 20 வயதில் குடல்வால் கோளாறால் படுத்திருந்தபோது, பொழுது போகட்டும் என்று அவருடைய அம்மா ஒரு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். அதில் தொடங்கியதுதான் எல்லாம். 1941-ல், 71 வயதில், பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு நின்று வரைவது கஷ்டமாகிவிட்டது. வண்ணம் பூசிய தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிப் படம் செய்ய ஆரம்பித்தார். அவருடைய மிகச் சந்தோஷமான படங்கள் அந்த வயதில் வந்தவைதான் என்பது என் அபிப்பிராயம்.

நடுக்கம் சின்னக் கோடுகளில்தான் அதிகம் தெரியும். பெரிய தாள், தடித்த தூரிகை எடுத்து, தோளிலிருந்து கையை வீசி வரையுங்கள். நடுக்கம் புதிதாக வந்தது என்றால் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். டூட்டி நேரம் பார்த்தே வாழ்ந்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு காலைப்பொழுது நகராது. முந்தின நாள் பாதியில் விட்ட படம் ஒன்று மேசையில் கிடந்தால், அதை முடிக்கவாவது எழுந்து உட்காருவீர்கள்.

கீழக்கரை, இல்லத்தரசி: வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு மனசு கனத்துவிடும். வரைந்தால் உண்மையிலேயே பாரம் குறையுமா? வீட்டில் "இது வெட்டி வேலை" என்கிறார்கள்.

தங்கச்சி, 2016-ல் அமெரிக்காவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமலும் அவருடைய குழுவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 39 பேரை 45 நிமிடம் வரையவும் களிமண்ணில் செய்யவும் விட்டு, மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் கார்ட்டிசால் என்ற சுரப்பை எச்சிலில் அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே வரையப் பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்து மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் திறமை இருந்தால்தான் நிம்மதி கிடைக்கும் என்கிற பயத்தை அது போக்குகிறது.

சோகமாக இருக்கும்போது சோகத்தைத்தான் வரைய வேண்டும் என்றில்லை. வீட்டில் ஒரு பழைய மரக்கதவு இருந்தால் அதன் நிறத்தைத் தாளில் கொண்டுவரப் பாருங்கள். பழுப்பா, கொஞ்சம் சிவப்பு சேர்க்கணுமா, நிழல் விழும் இடத்தில் நீலம் தெரிகிறதே என்று மனசு அலைய ஆரம்பிக்கும்போது பாரம் பின்னுக்குப் போய்விடும். போன வேகத்தில் திரும்பியும் வரலாம். நடுவே கிடைத்த ஒரு மணி நேரம் உங்களுடையது. கனம் வாரக்கணக்கில் இறங்கவே இல்லை, தூக்கமும் பசியும் கெட்டுப்போகிறது என்றால் படத்தை நம்பி இருந்துவிடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். வெட்டி வேலை என்பவர்களிடம் வாதாட வேண்டாம். அவர்கள் முகத்தை ஒருநாள் வரைந்து கொடுங்கள்.

பாம்பன், விசைப்படகில் போகும் 24 வயதுத் தம்பி: மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருக்கேன் டீச்சர். வரையலாம்னு ஆசை. ஆனா தினமும் பார்க்கிற கடல்தானே, அதுல வரைய என்ன இருக்கு?

இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் தம்பி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் உனக்கு நேரம் இருக்கிறது. தனுஷ்கோடி ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்கிறோம். ஒரே வெயில்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே நீலத்தைப் பூச முடியாது. தண்ணீர் வெளிச்சத்தில் உள்ள சிவப்பை முதலில் விழுங்கிவிடும், நீலத்தைக் கடைசிவரை விட்டுவைக்கும். அதனால்தான் ஆழம் கூடக்கூட நீலம் கறுக்கிறது; வெள்ளை மணல் மேல் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடத்தில் பச்சை கலந்து மின்னுகிறது. பாசி படர்ந்த இடம் கரும்பட்டையாகத் தெரியும். இதெல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரியும். வலை விட நிறம் பார்த்தவன்தானே நீ! அதைத் தாளில் வைக்கப் பழகுவதுதான் பாக்கி.

வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று காற்றை நீங்கள் பெயர் சொல்லி அழைப்பீர்கள். ஒவ்வொரு காற்றுக்கும் அலையின் முதுகு எப்படி மாறுகிறது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் வரைந்து வை. வாடை வீசும் மாதங்களில் பெண் கடலும் சீறும், அதையும் வரை. பிழைப்புக்காகப் பார்த்த கடலைப் பிடித்துப்போய்ப் பார்க்க ஆரம்பிப்பாய். இந்தப் பொழுதுபோக்கு கொடுக்கும் பெரிய கூலி அதுதான் என்று நான் முழுசாக நம்புகிறேன். அப்புறம், நீ வரைந்ததை எனக்குக் கட்டாயம் காட்டு.

இராமநாதபுரம், கல்லூரி மாணவி: இன்ஸ்டாகிராமில் போட்டால் லைக் வருவதில்லை. வரையும் ஆசையே போய்விட்டது.

யாருக்கும் காட்டாத நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளம்மா. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1960-களில் ஓவிய மாணவர்களைக் கவனித்தார். பசி, களைப்பு மறந்து வரைந்தவர்கள், படம் முடிந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினார்கள். அவர்களை இழுத்தது வரைகிற நேரம்தான். உனக்கு அந்த நேரம் இன்னும் பிடிக்கிறதா என்று மட்டும் பார். மனசு சோர்ந்தால் அரண்மனையில் இராமலிங்க விலாசம் போய் வா. 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், ராமாயணம் முதல் சேதுபதி மன்னரின் போர்வரை, உன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கின்றன. வரைந்தவர்களின் பெயரைத் தேடாமலேயே அந்தக் கோடுகளை ரசிப்பாய்.

தேவிபட்டினம், ஒரு தாய்: என் மகன் கடலுக்குப் பழுப்பு நிறம் அடிக்கிறான். திருத்தலாமா?

திருத்த வேண்டாம். உங்கள் ஊர்க் கரையில் சேறு கலங்கும்போது தண்ணீர் பழுப்பாகத்தானே இருக்கிறது? பிள்ளை பார்த்ததை வரைந்திருக்கிறான், பாராட்டுங்கள்.

ஏர்வாடி, கடை வைத்திருப்பவர்: என்ன வாங்கணும்? உப்புக்காற்றில் தாள் பூசணம் பிடிக்கிறதே?

நீர்வண்ணத்தில் தொடங்குங்கள். அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்) மூன்றும் போதும். முதல் இரண்டைக் கலந்தால் நல்ல சாம்பல் வரும். 8-ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, 300 ஜிஎஸ்எம் தடித்த தாள் கொஞ்சம். தாளை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரமாக இருக்கும்போது வண்ணத்தட்டை மூடாதீர்கள். ஈர வண்ணத்தின் மேல் நம்ம வாலிநோக்கம் கல் உப்பைக் கொஞ்சம் தூவினால் நட்சத்திரம் போலப் புள்ளிகள் விழும், மணலுக்கு அருமையாக இருக்கும். நன்றாகக் காய்ந்ததும் உப்பை முழுக்கத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது ஈரத்தை இழுத்துத் தாளைக் கெடுத்துவிடும்.