ஒரே கேஸுக்கு எத்தனை வாய்தா?

கேள்வி: நான் சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. கோபம் வந்தால் வீட்டுக்காரியைக் கண்டபடி பேசிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கை செய்வேன், அந்த வாரம் முடிவதற்குள் மறுபடியும் அதே கதைதான். இயேசு நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று எங்கள் சபை ஐயர் (போதகர்) சொல்கிறார். ஒரே கேஸுக்கு அவர் எத்தனை வாய்தாவுக்கு வருவார்? ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போகவே கூச்சமாக இருக்கிறது.
— வேலூர் வாசகர்

பதில்: நீங்கள் தினமும் பார்க்கும் வக்கீல் என்ன செய்கிறார்? கட்சிக்காரர் நிரபராதி என்பார், சாட்சியில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவார். இங்கே அந்த வேலையே கிடையாது. 1 யோவான் 2-ல், இயேசு பிதாவிடம் நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்கிற முதல் வசனத்தோடு நாம் நின்றுவிடுகிறோம், 'கிருபாதாரபலி அவரே', அதாவது நம் பாவத்தை நீக்கும் பலி அவரே என்று அடுத்த வசனம் சொல்வதைச் சேர்த்துப் படியுங்கள். நீங்கள் குற்றம் செய்யவில்லை என்று அவர் வாதாடுவதில்லை; அந்தக் குற்றத்துக்குத் தான் கொடுத்த பலியைத்தான் முன்வைக்கிறார். வாதம் உங்கள் நன்னடத்தையை நம்பி நிற்காததால், நீங்கள் பத்தாவது முறை தவறினாலும் அது பலவீனமாவதில்லை. இன்னொன்று, பிதா கோபமாக உட்கார்ந்திருக்க மகன் சமாதானப்படுத்துகிறார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு, அந்த மகனை அனுப்பியதே பிதாதான் என்று அதே நிருபம் 4:10-ல் இருக்கிறது.

சகரியா 3-ஆம் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான், பக்கத்தில் சாத்தான் குற்றம் சாட்ட நிற்கிறான். அழுக்கு உண்மையான அழுக்குதான், ஆனாலும் கர்த்தர் கடிந்துகொள்வது சாத்தானை; அப்புறம்தான் துணி மாறுகிறது, அதுவரை யோசுவா வாயே திறக்கவில்லை. பேதுரு விஷயம் இதைவிட ஆச்சரியம்: இயேசுவைத் தெரியாது என்று அந்தச் சீடன் மறுதலிப்பதற்கு முன்பே, 'உனக்காக வேண்டிக்கொண்டேன்' என்று இயேசு சொல்லிவிட்டார் (லூக்கா 22:32).

திருவிருந்துக்குக் கூசாமல் போங்கள். 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தில், பாவ அறிக்கையும் மன்னிப்பின் வார்த்தையும் முடிந்து திருவிருந்துக்குப் போகுமுன் வாசிக்கப்படும் ஆறுதல் வசனங்களில் கடைசியாக வருவது இந்த 1 யோவான் 2:1-தான். உங்களைப் போல அறிக்கை செய்துவிட்டு நிற்கிறவர்களுக்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த வசனம் 'நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு' என்றுதான் ஆரம்பிக்கிறது, அதை விழுங்கிவிடாதீர்கள். மேலே ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார் சரி, கீழே அடுப்படியில் நிற்கிற உங்கள் மனைவியிடம் பேச வேண்டியது நீங்கள்தானே? முதலில் ஒப்புரவாகு, பிறகு காணிக்கை செலுத்து என்கிறது மத்தேயு 5:24. சனிக்கிழமை இரவே அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், 'ஆனால் நீயும்தான்' என்று வால் சேர்க்காமல். கோபத்தில் கை நீளும் அளவுக்குப் போயிருந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல் ஒரு மனநல ஆலோசகரையும் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

கேள்வி: ரோமர் 8-ல் ஆவியானவரும் வேண்டுதல் செய்கிறார், கிறிஸ்துவும் செய்கிறார். எதை எடுத்துக்கொள்வது?
— ராணிப்பேட்டை வாசகி

பதில்: இரண்டையும்தான். எப்படி வேண்டுவது என்றே தெரியாத நமக்காக ஆவியானவர் பெருமூச்சோடு வேண்டுகிறார் (26), கிறிஸ்து பிதாவின் வலதுபாரிசத்தில் இருந்து வேண்டுகிறார் (34). ஜெபிக்க வார்த்தை வராத நாளில் 26-ஐயும், குற்றவுணர்ச்சி தூங்கவிடாத இரவில் 34-ஐயும் எடுத்து வாசியுங்கள்.