இடுப்பு மூட்டு மாத்தி மூணு மாசம் ஆச்சு, அம்மா வாக்கரை விட மாட்டேங்கிறாங்க, பயம் எப்படிப் போகும்?

தம்பி, அம்மாவுக்கு 61 வயசு, எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார், ஆனாலும் வாக்கர் இல்லாம ஒரு அடி வைக்க மாட்டேங்கிறாங்க, பாத்ரூமுக்குக்கூட துணைக்கு ஆள் வேணுங்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. "தைரியமா நடங்கம்மான்னு தினமும் சொல்றோம், ஒண்ணும் நடக்கல"ன்னும் போட்டிருக்கீங்க. நடக்காதுதான். எனக்கும் வலது பக்கம் மாத்தியிருக்கு, எங்க வீட்லயும் இதே பாட்டுதான், தைரியமா நடன்னு ஹால்ல சோஃபால உக்காந்துக்கிட்டே சொல்லுவாங்க, கேட்டா கோவம்தான் வரும்.

அம்மாகிட்ட "ஏன் பயப்படுறீங்க"ன்னு கேக்காதீங்க, "எந்த இடத்துல பயமா இருக்கு"ன்னு கேளுங்க. எனக்கு ஹால்ல நடக்க பயமே கிடையாது. பாத்ரூம் ஈரத்தரை, ராத்திரி தூக்கக் கலக்கத்துல எந்திரிக்கிறது, பஸ் படி, கல்யாண வீட்ல குறுக்க ஓடுற குழந்தைங்க, இந்த நாலும்தான். நாலுக்கும் வேற வேற வழி. மொத்தமா சேத்து "பயம்"னு ஒரே பேரு வச்சா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு அம்மாவுக்குப் புரியணும். நான் ரிட்டையர் ஆன சயின்ஸ் டீச்சர், பந்து கிண்ண மூட்டுன்னு போர்டுல எத்தனையோ வருஷம் படம் போட்டவ. வேற ஒரு வியாதிக்கு ரொம்ப நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டதுல அந்தப் பந்துக்குப் போற ரத்தம் குறைஞ்சு எலும்பு செத்துப்போச்சு, ஏவிஎன்னு சொல்லுவாங்க. இப்ப எனக்கு தொடை எலும்புக்குள்ள ஒரு உலோகத் தண்டு, அது மேல செராமிக் பந்து, இடுப்புப் பக்கம் ஒரு கிண்ணம், நடுவுல பிளாஸ்டிக் லைனர். இது ஒண்ணும் நேத்து வந்த வைத்தியம் இல்ல, இங்கிலாந்துல ஜான் சார்ன்லின்னு ஒரு டாக்டர் 1960கள்லயே இதுக்கு வழி போட்டுட்டார். 2019ல லான்செட்னு ஒரு மருத்துவப் பத்திரிகைல வந்த ஆய்வுல, மாத்தின இடுப்பு மூட்டுல 58 சதவீதம் 25 வருஷம் வரைக்கும் தாங்குதுன்னு கணக்கு சொல்லியிருக்காங்க. ஆனா பேஷன்ட் மனசுல உள்ள ஒரு கண்ணாடி டம்ளர் வச்சு தச்ச மாதிரி நினைப்பு இருக்கும். மூட்டு ஸ்ட்ராங்தாம்மா, சுத்தி இருக்க தசைதான் வீக்குன்னு சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே வலிக்குப் பயந்து அந்தக் கால்ல பாரம் போடாம விட்டு விட்டு இடுப்புப் பக்கவாட்டு தசை சூம்பிப் போயிருக்கும், ஆபரேஷன்ல வேற அங்கதான் கை வச்சிருப்பாங்க, அதான் கால் நம்ம கால் இல்லாத மாதிரி, எப்ப மடங்கும்னு தெரியாத மாதிரி இருக்கும். அம்மா சும்மா பயப்படல, பாதி பயம் அந்தத் தசையோட நிலைமையைத்தான் சொல்லுது.

இப்ப வாக்கருக்கு வருவோம். அம்மா நடக்கும்போது பின்னாடி நின்னு பாருங்க. வாக்கரை அழுத்திட்டு நடக்குறாங்களா, இல்ல சும்மா தூக்கிட்டுப் போறாங்களா? பாதி பேர் ஒரு கட்டத்துக்கு மேல அதைத் தூக்கிட்டுத்தான் போவாங்க, பாரமே அது மேல இருக்காது. அப்படின்னா கால் ரெடி, அதை ஒரு வீடியோ எடுத்து அவங்களுக்கே காட்டுங்க, எங்க பிசியோ பொண்ணு எனக்கு அதைத்தான் பண்ணுச்சு. அழுத்திட்டுத்தான் நடக்குறாங்கன்னா வாக்கரைப் பிடுங்காதீங்க, இன்னும் தசைக்கு வேலை பாக்கி இருக்கு.

அந்த வேலை பெருசா ஒண்ணும் இல்ல. சமையல் மேடையை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு நேரா நின்னு, ஆபரேஷன் காலை பக்கவாட்டுல மெதுவா தூக்கி இறக்கணும், உடம்பு சாயக்கூடாது, கால் விரல் முன்னாடி பாத்துதான் இருக்கணும். அப்புறம் காலை பின்னாடி தூக்குறது. அப்புறம் அதே மேடையைப் பிடிச்சிட்டு ஆபரேஷன் கால்ல மட்டும் நிக்குறது, அப்ப தூக்கின கால் பக்கத்து இடுப்பு கீழ இறங்குதான்னு பாக்கணும், இறங்கினா தசை இன்னும் பத்தல. நான் குக்கர் வச்சிட்டு விசில் வர்ற வரைக்கும் இதைப் பண்ணுவேன், தனியா எக்சர்சைஸ் டைம்னு ஒதுக்கினா அன்னைக்குன்னு யாராவது வீட்டுக்கு வந்துடுவாங்க. உங்க அம்மாவுக்கு எது எவ்வளவுன்னு பிசியோகிட்ட ஒரு தடவை கேட்டுக்கங்க.

அடுத்தது ஸ்டிக். இதுலதான் எனக்கு ஊரோட சண்டை. நம்மாளுங்களுக்கு கம்பு பிடிச்சா கௌரவக் குறைச்சல், அதனால வாக்கரை விட்டதும் நேரா வெறுங்கையோட நடந்து, ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு நொண்டி, அந்த நொண்டலே பழகிப் போயிடும். அதுக்கு ஸ்டிக் வச்சு நேரா நடக்குறது ஆயிரம் மடங்கு மேல். ஸ்டிக் ஆபரேஷன் பண்ணாத பக்கத்துக் கைல இருக்கணும், நிறைய பேர் மாத்திப் பிடிக்கிறாங்க. வலது இடுப்புன்னா இடது கை. ஸ்டிக்கும் ஆபரேஷன் காலும் சேந்து முன்னாடி போகணும், அப்பதான் அந்த வீக்கான தசைக்கு வேலை குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல.

பாத்ரூமுக்கு தைரியம் வேண்டாம், தச்சரும் பிளம்பரும் போதும். சுவத்துல ஸ்டீல் கைப்பிடி, தரையில ரப்பர் மேட், ராத்திரி பூரா எரியுற சின்ன லைட். முக்கியமா குளிக்கிற வாளியைத் தரையில வைக்காதீங்க, உயரமான ஸ்டூல் மேல வைங்க, ஒவ்வொரு தடவையும் மக்குல தண்ணி மொள்ளக் குனியுறோமே அங்கதான் இடுப்பு, மடங்கக் கூடாத 90 டிகிரியைத் தாண்டும். இதை ஆஸ்பத்திரில யாரும் சொல்லல, அவங்க ஷவரை நினைச்சு பேப்பர் அடிச்சிருக்காங்க போல. வெஸ்டர்ன் டாய்லெட் தாழ்வா இருந்தா மேல வைக்கிற சீட் சர்ஜிக்கல் கடையில கிடைக்கும். சேர் தாழ்வா இருந்தா ஒரே மாதிரி ரெண்டு பிளாஸ்டிக் சேரை ஒண்ணு மேல ஒண்ணு போட்டா உயரம் வந்துடும், கைப்பிடி இருக்க சேரா பாருங்க. நைட்டி, பாவாடை கணுக்காலுக்கு மேல நிக்கட்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னாடி வார் வச்சது போதும்.

வெளில போறதுக்கு நான் பண்ணதைச் சொல்றேன். பஸ்னா எனக்கு உயிர் போகும், முதல் படியே அவ்ளோ உயரம். எங்க திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோல போய், டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கப் போயிருக்கப்போ சும்மா நிக்கிற டவுன் பஸ்ல ஏறி இறங்கிப் பாத்தேன். இடது கையால கம்பியைப் பிடிச்சு, இடது காலை மேல வச்சு, வலது காலை இழுத்துக்கணும், அவ்வளவுதான். உள்ள உக்காந்திருந்த ஒரு அம்மா "எங்கக்கா போகணும்"னாங்க, எங்கயும் போகலன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன், என்ன நினைச்சாங்களோ. அப்புறம்தான் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்துல ஒரு ஸ்டாப் மட்டும் போனேன், டிக்கெட்டும் லேடீஸுக்கு ஃப்ரீ, பாதில இறங்கினாலும் நஷ்டம் இல்ல.

ஒண்ணு, என் அக்கா பையன் மாதிரி நீங்களும் டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே வீடியோ எல்லாம் அம்மாவுக்கு அனுப்பாதீங்க. 2019 ஜனவரில ஆபரேஷன் பண்ணி அக்டோபர்ல ஆன்ட்வெர்ப்ல கப் ஜெயிச்சார்தான், ஆனா அவருக்குப் பண்ணது ரீசர்ஃபேசிங், பந்தை எடுக்காம மேல உலோக மூடி போடுறது, வயசும் அப்ப 31. ஒப்பிட்டா எரிச்சல்தான் மிச்சம்.

ஆபரேஷன் கால் நீளமா இருக்க மாதிரி அம்மா சொன்னா பயப்பட வேண்டாம், நிறைய பேருக்கு முதல் சில மாசம் அப்படி இருந்து தசை சரியானதும் போயிடும், போகலன்னா டாக்டர் அளந்து பாப்பார். மூட்டு கழண்டுடும்ங்கிற பயமும் இருக்கும். அது நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்கு வர்ற விஷயம், அதுவும் பெரும்பாலும் முதல் மூணு மாசத்துல. குனியறது, கால் மேல கால் போடறது, பாதத்தை உள்பக்கம் திருப்பறது, இந்தக் கட்டுப்பாடெல்லாம் எப்ப வரைக்கும்னு அடுத்த ரிவ்யூல நேராவே கேளுங்க, ஏன்னா முன்பக்கம் கீறினாங்களா பின்பக்கம் கீறினாங்களாங்கிறதைப் பொறுத்து மாறும், டிஸ்சார்ஜ் சம்மரில இருக்கும். சம்மணம், குத்தவைக்கிறது, குனிஞ்சு கோலம் போடறது இதெல்லாம் டாக்டர் வாயால சொல்ற வரைக்கும் வேண்டாம். நான் கோலத்தை மருமககிட்ட விட்டுட்டேன், அவ ஸ்டிக்கர் ஒட்டிட்டா, அது வேற கதை.

ஆடுசதை திடீர்னு வீங்கி வலிச்சாலோ, தையல் போட்ட இடம் சிவந்து நீர் கசிஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, திடீர்னு கால் ஊன முடியாம போனாலோ இதெல்லாம் பயம்னு ஒதுக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. மூச்சு வாங்குறது, நெஞ்சு வலின்னா 108க்கு அடிச்சிடுங்க.